டேலி ஆகிற கணக்கும் கொதிக்கிற தண்ணீரும்

பி.எம்.டபிள்யூ. கார் வைத்திருப்பவருக்குப் பார்க்கிங்கில் இடமில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்புவார்கள் என்றால் நம்புவீர்களா? 2018 ஆகஸ்டில் தென்கொரியாவில் அதுதான் நடந்தது. "உங்க கார் வேண்டாம் சார், வெளியே நிறுத்துங்க" என்கிற கதை. காரணம், அந்த வருஷம் அங்கே 40-க்கும் மேற்பட்ட பி.எம்.டபிள்யூ. கார்கள் தீப்பிடித்து எரிந்திருந்தன. பெரும்பாலும் டீசல் கார்கள், அதிலும் 520டி மாடல் அதிகம். விபத்து இல்லை, மோதல் இல்லை. ஓடிக்கொண்டிருந்த வண்டியின் பானெட்டில் இருந்து புகை வரும், கொஞ்ச நேரத்தில் எலும்புக்கூடு மட்டும் மிஞ்சும். கடைசியில் அரசாங்கமே, பரிசோதனைக்கு வராத சுமார் இருபதாயிரம் கார்கள் ரோட்டுக்கு வரக்கூடாது என்று உத்தரவு போட்டது.

எரிந்த கார்களுக்குள் சந்தேகத்தின் பேரில் பிடிபட்டது ஒரு சின்ன டப்பா. பெயர் ஈ.ஜி.ஆர். கூலர். எஞ்சினின் சூடான புகையைத் தண்ணீரால் ஆற்றும் பாகம். ஆற்ற வேண்டியதே எரிய வைத்தது என்றால் எங்கே தப்பு? இந்தக் கேள்விக்குப் பின்னால் கம்ப்யூட்டர் சிமுலேஷன் என்கிற பெரிய உலகம் ஒன்று இருக்கிறது. மெக்கானிக்கல் பசங்களுக்கு மட்டும்தான் அது புரியும் என்று ஒரு பில்டப் உண்டு. அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. பிளஸ் ஒன்னில் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு இன்னும் சுலபமாகப் புரியும்.

முதலில் அந்த டப்பா எதற்கு? டீசல் எஞ்சினுக்குள் எரியும் சூடு 1,500 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் காற்றில் சும்மா இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடு ஆகிவிடும். நுரையீரலுக்கு ஆகாத வாயு. அதனால் வெளியே போகும் புகையில் ஒரு பங்கைப் பிடித்து மறுபடி எஞ்சினுக்குள்ளேயே விடுகிறார்கள். எரிந்து முடிந்த புகையில் ஆக்சிஜன் குறைவு. அதில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். எரியும் வெப்பம் குறையும், நைட்ரஜன் ஆக்சைடும் குறையும். ஆனால் புகையைச் சூடாகவே உள்ளே விட்டால் அது உப்பி இடத்தை அடைத்துக்கொள்ளும், சிலிண்டரும் இன்னும் சூடாகும். எனவே ஆற்றி அனுப்ப வேண்டும். மெல்லிய ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் குழாய்களுக்குள் புகை போகும், வெளிப்பக்கம் கூலன்ட் ஓடும். ஐரோப்பாவின் யூரோ 6 விதி டீசல் காருக்குக் கிலோமீட்டருக்கு 0.08 கிராம் நைட்ரஜன் ஆக்சைடுதான் அனுமதிக்கிறது. அதற்கு முந்தைய யூரோ 5-ல் 0.18. நம்ம ஊரில் 2020 ஏப்ரல் 1-ல் பி.எஸ்.4-ல் இருந்து ஒரே தாவலாக பி.எஸ்.6-க்குப் போனபோது டீசல் கார்களின் வரம்பு 0.25-ல் இருந்து 0.08-க்கு இறங்கியது. அந்தச் செலவைப் பார்த்துத்தான் மாருதி டீசல் காரே வேண்டாம் என்று ஒதுங்கியது. ஆக இந்தக் கூலர் ஒரு உதிரி பாகம் மட்டுமல்ல, ஒரு கம்பெனி எந்த வண்டியை விற்கலாம் எதை விற்கக்கூடாது என்று முடிவு செய்கிற விஷயமும்கூட.

சரி, சிமுலேஷனுக்கு வருவோம்.

இப்படி ஒரு கூலரை டிசைன் செய்ய வேண்டும். உள்ளே 500 டிகிரிக்கும் மேல் போகக்கூடிய புகை. வெளியே 90 டிகிரி வாக்கில் கூலன்ட். நடுவே அரை மில்லிமீட்டர் தகடு. எந்த மூலையில் எவ்வளவு சூடு என்று கண்ணால் பார்க்க முடியாது. சென்சார் வைக்கலாம்தான். எத்தனை வைப்பது, எங்கே வைப்பது? அதனால் கம்ப்யூட்டருக்குள் அதே கூலரை வரைந்து, அதைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டுகிறார்கள். பத்து லட்சத்தில் ஆரம்பித்துக் கோடிக்குப் போவது சகஜம். தகட்டை ஒட்டிய இடத்தில் வெங்காயத் தோல் மாதிரி மெல்லிய அடுக்குகள், ஏனென்றால் சூடு மாறுவதெல்லாம் அங்கேதான்.

இனிமேல்தான் கணக்குப்பதிவியல். ஒவ்வொரு கட்டமும் ஒரு பேரேட்டுக் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வந்த நிறை, வெளியே போன நிறை. உள்ளே வந்த சூடு, வெளியே போன சூடு. மிச்சம் இருந்தால் அது இருப்பு. ஒரு கட்டத்தில் இருந்து வெளியே போவது பக்கத்துக் கட்டத்தில் உள்ளே வந்தாக வேண்டும். இங்கே வரவு என்றால் அங்கே பற்று, அச்சு அசலாக இரட்டைப் பதிவு முறை. இதற்கு ஃபைனைட் வால்யூம் முறை என்று பெயர். எதை எவ்வளவு பதிய வேண்டும் என்று சொல்கிற விதிகள் பழையவை. பிரான்சின் நேவியர் 1820-களில் எழுதியதை 1845-ல் ஸ்டோக்ஸ் வேறு வழியில் நிறுவினார். இந்தச் சமன்பாடுகளின் தீர்வு முப்பரிமாணத்தில் எப்போதும் ஒழுங்காக இருக்குமா என்று நிரூபித்தால் பத்து லட்சம் டாலர் பரிசு என்று கிளே கணித நிறுவனம் 2000-ல் அறிவித்தது, பரிசு இன்னும் அப்படியே இருக்கிறது. நிரூபணத்துக்காக எஞ்சின் கம்பெனிகள் காத்திருக்கவில்லை என்பது வேறு விஷயம் :)

ஒரு சிக்கல் உண்டு. வேகத்துக்குச் சமன்பாடு இருக்கிறது, வெப்பத்துக்கு இருக்கிறது. அழுத்தத்துக்கென்று தனியாக ஒன்று இல்லை. இதற்கு வழி சொன்னவர்களில் ஒருவர் நம்ம நாட்டுக்காரர். புனேயைச் சேர்ந்த சுஹாஸ் படங்கர், லண்டன் இம்பீரியல் காலேஜில் பிரையன் ஸ்பால்டிங்கிடம் ஆராய்ச்சி செய்தவர். இருவரும் 1972-ல் வெளியிட்ட முறைக்குப் பெயர் "சிம்பிள்". அழுத்தத்தை முதலில் குத்துமதிப்பாக வைத்துக்கொள். அதை வைத்து வேகத்தைக் கண்டுபிடி. கட்டங்களில் வரவும் செலவும் பொருந்தாது. எவ்வளவு இடிக்கிறதோ அதற்கேற்ப அழுத்தத்தைத் திருத்து. மறுபடி போடு. இடிக்கிற தொகை ஏறக்குறைய பூஜ்யம் ஆகும்வரை விடாதே. அனாமத்துக் கணக்கில் வித்தியாசத்தைப் போட்டுவிட்டுப் பிழைகளைத் தேடித் தேடித் தீர்ப்போமே, அதே வேலைதான். படங்கர் 1980-ல் எழுதிய மெலிந்த புத்தகத்தில்தான் இந்தத் துறைக்குள் நுழைந்த பல தலைமுறை மாணவர்கள் அரிச்சுவடி படித்தார்கள்.

இன்னொரு சிக்கல் கொந்தளிப்பு. புகை குழாய்க்குள் நேராகப் போகாது, சுழித்துச் சுழித்துப் போகும். ஒவ்வொரு சுழியையும் கணக்கிட்டால் ஆயுசு போதாது. சராசரி எடுத்து, சுழிகளின் விளைவை மட்டும் ஒரு மாடலாகச் சேர்த்துவிடுவார்கள். 1970-களில் அதே இம்பீரியல் காலேஜில் வளர்ந்த கே-எப்சிலான் மாடல், 1994-ல் மென்டர் கொடுத்த எஸ்.எஸ்.டி. மாடல் இரண்டும் இன்றும் புழக்கத்தில் உள்ளன. இவை ஒருவகையில் உத்தேச ஒதுக்கீடு மாதிரி, வாராக்கடனுக்கு இத்தனை சதவீதம் என்று வைப்போமே அது போல. அனுபவத்தில் வந்த எண்கள். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

கூலர் மாதிரி பாகத்தில் புகை, உலோகம், கூலன்ட் மூன்றையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். புகை எவ்வளவு சூட்டைக் கொடுக்கும் என்பது தகட்டின் சூட்டைப் பொறுத்தது. தகட்டின் சூடு கூலன்ட் எவ்வளவு எடுக்கிறது என்பதைப் பொறுத்தது. யாரையும் தனியாக விசாரிக்க முடியாது. தமாஷ் என்னவென்றால் மூன்று பேருடைய கடிகாரமும் வேறு வேறு. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிஷத்துக்கு 2,000 சுற்று ஓடினால், ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை புகை விடும். மொத்தம் நிமிஷத்துக்கு 4,000 துடிப்பு, அதாவது 15 மில்லிசெகண்டுக்கு ஒன்று. அந்த ஒரு துடிப்பைப் பார்க்கவே கம்ப்யூட்டர் பல பத்து அடிகள் எடுத்து வைக்க வேண்டும். உலோகமோ சாவகாசமாக நிமிஷக் கணக்கில் சூடேறும். உள்ளே படியும் புகைக்கரிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட வேண்டும். மில்லிசெகண்ட் அடியில் நடந்து ஒரு வருஷத்தைக் கடக்க எந்தக் கம்ப்யூட்டராலும் முடியாது. அதனால் புகையின் சில துடிப்புகளை மட்டும் கணக்கிட்டு, அவற்றின் சராசரி சூட்டை உலோகத்துக்குக் கொடுப்பார்கள். உலோகத்தின் வெப்பநிலை வந்ததும் அதைத் திரும்பப் புகையிடம் கொடுப்பார்கள். இரண்டும் ஒத்துப்போகும்வரை இப்படிக் கடிதப் போக்குவரத்து நடக்கும்.

எல்லாம் முடிந்து திரையில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று அழகான படம் வரும். வித்தியாசம் எல்லாம் பூஜ்யத்தை ஒட்டி இறங்கியிருக்கும். இருப்பாய்வு டேலி!

ஆனால் இருப்பாய்வு டேலி ஆனால் கணக்கு சரி என்று அர்த்தமா? பிளஸ் ஒன் பரீட்சையிலேயே இந்தக் கேள்வி வரும். விடு பிழை இருந்தாலும் டேலி ஆகும். விதிப் பிழை இருந்தாலும் டேலி ஆகும். ஒரு ரசீதைப் பதியவே இல்லை என்றால் பற்றிலும் இருக்காது, வரவிலும் இருக்காது, கூட்டல் அழகாகப் பொருந்தும். கூலரில் அப்படிப் பதிய மறக்கக்கூடிய ரசீதுகளில் பெரியது, கொதிநிலை.

தண்ணீரும் எத்திலீன் கிளைகாலும் பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் சாதாரண அழுத்தத்தில் 107 டிகிரி வாக்கில் கொதிக்கும். மூடி போட்ட சிஸ்டத்தில் அழுத்தம் இருப்பதால் இன்னும் 15, 20 டிகிரி மேலே போகும். கூலன்ட் சராசரி 90 டிகிரி என்று ரிப்போர்ட்டில் இருக்கும், பார்த்தால் பிரச்சினையே இல்லை. ஆனால் புகை நுழைகிற வாயில் ஒரு மூலை இருக்கும். அங்கே உலோகம்தான் மிக அதிகச் சூடு. அதே மூலையில் கூலன்ட் தேங்கி நின்றால் அந்தச் சின்ன இடம் மட்டும் கொதிக்கும்.

கொதிப்பது எப்போதும் கெடுதல் இல்லை, இதுதான் சுவாரஸ்யம். ஜப்பானின் செண்டாயில் ஷிரோ நுகியாமா என்கிற பேராசிரியர் தண்ணீருக்குள் மெல்லிய கம்பியை வைத்து மின்சாரம் பாய்ச்சி, கம்பியின் சூட்டையும் அது தண்ணீருக்குக் கொடுக்கும் வெப்பத்தையும் அளந்து 1934-ல் வெளியிட்டார். முதலில் சின்னச் சின்னக் குமிழிகள் கிளம்பும்போது வெப்பம் படுவேகமாக வெளியேறுகிறது. ஒவ்வொரு குமிழியும் ஒரு மூட்டை சூட்டைத் தூக்கிக்கொண்டு ஓடும், அந்த இடத்தில் புதுத் தண்ணீர் பாயும். எஞ்சின் டிசைனர்களுக்கு இந்தக் கட்டம் பிடிக்கும், இலவசமாகக் கூடுதல் குளிர்ச்சி. ஆனால் ஒரு எல்லைக்கு மேல் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஆவிப் போர்வை ஆகிவிடும். தண்ணீருக்கு உலோகத்தைத் தொடவே வழியில்லை. காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் சொட்டு உடனே ஆவியாகாமல் முத்து மாதிரி உருண்டு ஓடுமே, அதுதான். நம் அம்மாக்கள் கல் காய்ந்துவிட்டதா என்று பார்க்கிற டெஸ்ட். லைடன்ஃப்ராஸ்ட் என்கிற ஜெர்மானியர் இதைப் பற்றி 1756-லேயே எழுதிவிட்டார். ஆவிப் போர்வை விழுந்த இடத்தில் உலோகம் கிடுகிடுவென்று சூடாகும். போர்வை விலகினால் சட்டென்று குளிரும். மறுபடி சூடு, மறுபடி குளிர். கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் ஒடிவது போல, தகடு ஒருநாள் விரிசல் விடும்.

இதைச் சிமுலேஷனில் சேர்க்க வழி இருக்கிறது. 1966-ல் ஜான் சென் கொடுத்த சூத்திரம், ஓட்டத்தால் போகும் வெப்பம் ஒரு பங்கு, குமிழியால் போகும் வெப்பம் ஒரு பங்கு என்று பிரித்துக் கூட்டும். அதை ஒட்டிப் பல மாடல்கள் பிறகு வந்தன. ஆனால் சேர்க்கச் சொல்லி யாராவது கேட்டால்தான் கம்ப்யூட்டர் சேர்க்கும். "கூலன்ட் திரவமாகவே இருக்கும்" என்று ஆரம்பத்தில் ஒரு டிக் அடித்துவிட்டால், 160 டிகிரியிலும் அது சமர்த்தாகத் திரவமாகவே ஓடுவதாகக் காட்டி, டேலி ஆகிவிடும்.

இரண்டாவது ரசீது புகைக்கரி. சூடான வாயுவில் மிதக்கும் துகள்களைச் சூடான பக்கத்து மூலக்கூறுகள் பலமாக இடிக்கும், குளிர்ந்த பக்கத்தவை மெதுவாக இடிக்கும். எனவே துகள் குளிர்ந்த சுவரை நோக்கித் தள்ளப்படும். கூலர் என்றாலே குளிர்ந்த சுவர். அதாவது தன் வேலையை ஒழுங்காகச் செய்கிற கூலர்தான் கரியையும் நன்றாக இழுக்கும். அந்தப் படிவு பஞ்சு மாதிரி, பெரும்பகுதி வெற்றிடம். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் அளந்ததில் அதன் வெப்பக் கடத்துதிறன் 0.041 என்று வந்தது. ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீலுக்கு 15-ஐ ஒட்டி. வகுத்துப் பார்த்தால் 360 மடங்கு வித்தியாசம். அரை மில்லிமீட்டர் கரி, 18 சென்டிமீட்டர் தடிமன் ஸ்டீலுக்குச் சமம்! புதுக் கூலரை வைத்துப் போட்ட சிமுலேஷன் ஓட்டிய கூலருக்கு எவ்வளவு பொருந்தும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். தேய்மானமே எழுதாத இருப்புநிலைக் குறிப்பு அது.

கொரியாவுக்குத் திரும்புவோம். முதலில் நிறுவனம் சொன்ன விளக்கம்: கூலரில் இருந்து கூலன்ட் கசிந்திருக்கிறது, அது கரியோடு கலந்து பிசுக்கு மாதிரி படிந்திருக்கிறது, நிறைய கிலோமீட்டர் ஓடிய வண்டி நீண்ட நேரம் ஓடும்போது, கூலரைச் சுற்றிப் போகும் பைபாஸ் வால்வு திறந்திருந்தால் ஆறாத புகை வந்து அந்தப் படிவில் கங்கு பிடிக்கிறது. அதற்கப்புறம் காற்று உள்ளே வரும் மேனிஃபோல்டு பிளாஸ்டிக், உருகி ஓட்டையாகி, தீ வெளியே வந்துவிடும். கேட்க ஒழுங்காகத்தான் இருந்தது. அரசும் நிபுணர்களும் சேர்ந்த விசாரணைக் குழு வண்டிகளை எடுத்து ஓட்டிப் பார்த்தது. பைபாஸ் வால்வு அல்ல, ஈ.ஜி.ஆர். வால்வு சரியாக மூடாமல் சிக்கிக்கொள்வதுதான் தீயோடு தொடர்புடையது என்றது. முக்கியமாக 2018 டிசம்பரில் வந்த முடிவில், கூலருக்குள் கூலன்ட் கொதிப்பதைக் கண்டோம், அது தொடர்ந்தால் வெப்ப அதிர்ச்சியால் கூலர் விரிசல் விடலாம், இது டிசைன் குறைபாடாக இருக்கலாம் என்று சொன்னது. கூலரின் கொள்ளளவு போதவில்லை, அல்லது அதற்குத் தாங்காத அளவு புகையை அனுப்பியிருக்கிறார்கள்.

தோசைக்கல் சமாச்சாரம்தான்!

ஜெர்மனித் தலைமையகம் 2015 அக்டோபரிலேயே கூலர் விரிசலைப் பற்றி ஆராயத் தனிக் குழு போட்டிருந்தது என்றும், குறையை மறைத்து ரீகாலைத் தாமதித்தது என்றும் குற்றம்சாட்டிய கொரிய அமைச்சகம், 1,120 கோடி வான் அபராதம் விதித்து வழக்கைப் போலீஸ் பக்கம் அனுப்பியது. நிறுவனம் அதை மறுத்தது. மூலகாரணம் உறுதியானவுடன் ரீகால் செய்தோம் என்றது. அங்கே திரும்ப அழைக்கப்பட்ட கார்கள் சுமார் 1,72,000. உலக அளவில் 2018 அக்டோபரில் எண்ணிக்கை 16 லட்சத்துக்குப் போனது. ஒரு டப்பாவை மாற்றும் செலவை 16 லட்சத்தால் பெருக்குங்கள். கொஞ்சம் பெரிய கூலர் வைத்திருந்தால் வண்டிக்கு எவ்வளவு கூடியிருக்கும் என்றும் போட்டுப் பாருங்கள். காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பரில் கேட்க வேண்டிய கேள்வி.

இந்தக் கதையைப் படித்துவிட்டுச் சிமுலேஷனே ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். பெட்ரோல் எஞ்சின் பக்கம் இதே கணக்கு நல்லது செய்திருக்கிறது. முன்பெல்லாம் ஃபுல் லோடில் டர்போவும் கேட்டலிஸ்டும் வெந்துவிடாமல் இருக்க, தேவைக்கு மேல் பெட்ரோலைத் தெளித்துப் புகையை ஆற்றுவார்கள். பெட்ரோலால் குளிர்விப்பது, எவ்வளவு ஊதாரித்தனம்! 2012-ல் வந்த ஃபோர்டின் ஒரு லிட்டர் ஈகோபூஸ்ட், ஃபோக்ஸ்வாகனின் ஈஏ888 மூன்றாம் தலைமுறை போன்ற எஞ்சின்களில் புகைக்குழாயைச் சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே வார்த்துச் சுற்றிக் கூலன்ட் ஓடவிட்டார்கள். அலுமினியத்துக்குள் புகைக்கும் தண்ணீருக்கும் வளைந்து வளைந்து போகும் அந்தக் குகைகளை, எங்கே தண்ணீர் தேங்கும் என்று கம்ப்யூட்டரில் பார்க்காமல் வார்ப்பது ரொம்பவே கஷ்டம்.

இதெல்லாம் லட்சக்கணக்கில் லைசென்ஸ் கட்டும் கம்பெனிகளின் விளையாட்டு என்று ஒரு காலத்தில் இருந்தது. 2004-ல் ஓப்பன்ஃபோம் இலவசமாக வெளிவந்தது. வாயு, உலோகம், திரவம் மூன்றையும் சேர்த்துப் போடும் சால்வர் இன்று அதற்குள்ளேயே இருக்கிறது. ஹாஸ்டல் லேப்டாப் போதும். ஒரே ஒரு குழாய் வரையுங்கள். உள்ளே 500 டிகிரி காற்று, வெளியே 90 டிகிரி கூலன்ட். முதலில் வெறும் ஸ்டீலோடு ஓட்டி, வெளியே வரும் காற்றின் சூட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உட்பக்கம் 0.041 கடத்துதிறனில் அரை மில்லிமீட்டர் அடுக்கு ஒன்றைச் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். முடிந்ததும் கூலன்ட் பக்கம் எங்காவது 107-ஐத் தாண்டியிருக்கிறதா என்று முதல் ஓட்டத்தின் படத்தில் தேடுங்கள். குழாயின் நுழைவாயில் இருந்தே தேட ஆரம்பிக்கலாம்.